இருட்டில் நின்று கூப்பிட்ட குரல்: ‘ஒத்தெல்லோ’ முதல் அங்கம், ஒரு நிகழ்வு ஆய்வு

வெனிஸ் நகரம் தூங்கிவிட்டது. செனட்டர் பிரபான்சியோவின் வீட்டு ஜன்னலுக்குக் கீழே இரண்டு பேர் நின்று கத்துகிறார்கள். “எழுந்திருங்கள் பிரபான்சியோ! திருடன், திருடன்! வீட்டைப் பாருங்கள், மகளைப் பாருங்கள், பணப்பைகளைப் பாருங்கள்!” கிழவர் மாடி ஜன்னலில் தலையை நீட்டுகிறார். “என்ன திருட்டு? இது வெனிஸ். என் வீடு என்ன ஊருக்கு வெளியே தனியாகக் கிடக்கும் பண்ணை வீடா?” என்று கேட்கிறார். மகளும் பணப்பையும் ஒரே மூச்சில் வந்து விழுந்தது அவர் காதில் உறைக்கவில்லை. அது அவருக்கு இயல்பான வரிசைதான்.

ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ இப்படித்தான் தொடங்குகிறது. விடிவதற்குள் ஒரு புகார் எழுகிறது. குற்றம் சாட்டப்பட்டவரும் சாட்சியும் வருகிறார்கள், விசாரணை நடக்கிறது, தீர்ப்பும் வந்துவிடுகிறது. முதல் அங்கம் முழுக்க அந்த ஒரே இரவுதான். தீர்ப்பு நியாயமானது. ஆனாலும் புகார் கொடுத்த அப்பா, மகள் டெஸ்டிமோனா, அவள் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்ட தளபதி ஒத்தெல்லோ, கீழே நின்று கத்தியவர்களில் ஒருவன் என்று நான்கு பேரும் நாடகம் முடியும்போது உயிரோடு இல்லை. நியாயமாக முடிந்த ஒரு வழக்கு எப்படி இத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பதே எனக்குக் கேள்வி.

இந்த முதல் அங்கம் தேவையே இல்லை என்று நினைத்த பெரியவர்கள் உண்டு. கதை நேராக, மீதி நாடகம் நடக்கும் சைப்ரஸ் தீவில் தொடங்கியிருந்தால் நாடகம் இன்னும் கட்டுக்கோப்பாக இருந்திருக்கும் என்பது 18-ஆம் நூற்றாண்டு விமர்சகர் சாமுவேல் ஜான்சனின் கருத்து. 1887-இல் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டி இதை ஓபராவாக்கியபோது வெனிஸ் பகுதியையே வெட்டிவிட்டுப் புயலில் தொடங்கினார். ஷேக்ஸ்பியர் கதையை எடுத்த இடமோ 1565-இல் வெளியான சிந்தியோ என்ற இத்தாலியரின் கதைத் தொகுதி. அதில் பெண் வீட்டாருக்குக் கல்யாணத்தில் விருப்பமில்லை என்று வருவதோடு சரி. நள்ளிரவுக் கூச்சல் கிடையாது, செனட் விசாரணை கிடையாது, பிரபான்சியோவும் கிடையாது. அப்படியென்றால் இந்த இரவு முழுக்க ஷேக்ஸ்பியர் தன் கையிலிருந்து போட்டது. வேண்டுமென்றே போட்டது. அதை வெட்டிவிட்டால், பின்னால் ஒத்தெல்லோ மனைவியைக் கொல்வது வெறும் சந்தேகப் புருஷன் கதையாகச் சுருங்கிவிடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பெயர் சொல்லப்படாதவர்

முதல் காட்சி ஏறக்குறைய 180 வரிகள். இரண்டு பேர் ஒருவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவருடைய பெயர் ஒரு தடவைகூட வராது. ‘அவன்’, ‘அந்த மூர்’, ‘தடித்த உதட்டுக்காரன்’, ‘கிழட்டுக் கருப்புக் கடா’, ‘பார்பரிக் குதிரை’, ‘ஊர் ஊராகத் திரியும் அந்நியன்’. இரண்டாவது காட்சியில் அவர் நேரில் வருகிறார். அங்கும் யாரும் பெயர் சொல்வதில்லை. முந்நூறு வரிகளுக்கு மேல் கடந்து, மூன்றாவது காட்சியில் வெனிஸின் ஆட்சித் தலைவரான டியூக்கின் வாயிலிருந்துதான் ‘வீர ஒத்தெல்லோ’ என்று முதன்முதலாகக் கேட்கிறோம். படிக்கிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாது, ஏனென்றால் அட்டையிலேயே பெயர் இருக்கிறது. எனக்கும் முதல் தடவை பிடிபடவில்லை. மேடையில் கேட்கிறவருக்குத்தான் அந்த வெறுமை முழுசாக இறங்கும்.

இந்த நாடகம் மேடையேறியதற்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவு 1604 நவம்பர் 1-ஆம் தேதியது. லண்டன் வைட்ஹால் அரண்மனை விருந்து மண்டபத்தில் நடந்தது. அரண்மனைக் கணக்குப் புத்தகத்தில் நாடகத்தின் பெயரை ‘வெனிஸின் மூர்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கேயும் அவருக்குப் பெயர் இல்லை.

‘மூர்’ என்பது அன்றைய ஆங்கிலேயர் வட ஆப்பிரிக்க முஸ்லிம்களையும் கருப்பின மக்களையும் வேறுபாடு பார்க்காமல் ஒரே மூட்டையாகக் கட்டிய சொல். இலங்கை வாசகர்களுக்கு இது புதிதல்ல. போர்த்துக்கீசியர் அங்கே கண்ட முஸ்லிம்களுக்கும் இதே பெயரைத்தான் ஒட்டிவிட்டுப் போனார்கள். லண்டன் மேடையில் அதுவரை மூர் வந்தால் பெரும்பாலும் வில்லன். ஷேக்ஸ்பியரே தன் தொடக்க கால நாடகம் ஒன்றில் ஏரன் என்ற மூரைக் கொடியவனாகப் படைத்தவர். ஆகவே ஜன்னலுக்குக் கீழே கத்தும் இருவரில் ஒருவனான, ஒத்தெல்லோவின் கீழ் வேலை பார்க்கும் இயாகோ அவிழ்த்துவிடும் ஒவ்வொரு வசைக்கும் பார்வையாளர் மனத்தில் ஏற்கெனவே இடம் தயாராக இருந்திருக்கும். ஜன்னலில் நிற்கும் கிழவருக்கு மட்டும் நடந்த சோதனை இல்லை இது.

அப்புறம் இரண்டாவது காட்சியில் அந்த மனிதர் வருகிறார். பிரபான்சியோவின் ஆட்கள் வாளை உருவிக்கொண்டு நிற்கிறார்கள். “பளபளக்கும் வாள்களை உறையில் போடுங்கள். பனி பட்டால் துருப்பிடித்துவிடும்” என்கிறார் ஒத்தெல்லோ. குரல் உயரவில்லை. “ஐயா, உங்கள் ஆயுதத்தைவிட உங்கள் வயதுக்கே நான் அதிகம் கட்டுப்படுவேன்” என்று மாமனாரிடம் சொல்கிறார். முந்தின காட்சியில் கேட்ட மிருகங்கள் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் காணாமல் போகின்றன. நாம் எதை நம்பத் தயாராக இருந்தோம் என்பது நமக்கே தெரியவரும் இடம் அது.

பொய்யே சொல்லாத புரளி

இயாகோவின் கோபம் என்ன? தனக்கு வரவேண்டிய துணைத் தளபதி பதவி காசியோவுக்குப் போய்விட்டது. இவனுக்குக் கிடைத்தது கொடி தாங்கும் அதிகாரி வேலை. காசியோ போர்க்களமே பார்க்காதவன், வெறும் கணக்குப்பிள்ளை என்று வைகிறான். இப்போதெல்லாம் பதவி சிபாரிசில்தான் கிடைக்கிறது, சீனியாரிட்டிக்கு மதிப்பில்லை என்று புலம்புகிறான். கேட்கப் பாவமாக இருக்கும். ஆனால் சில வரிகளுக்கு முன்னால், ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் தனக்காக ஒத்தெல்லோவிடம் தொப்பியைக் கழற்றி நின்று கேட்டார்கள் என்று சொன்னதும் இவன்தான். சிபாரிசுக்கு ஆள் அனுப்பியவன் சிபாரிசைத் திட்டுகிறான். அந்த மூன்று பேர் யார் என்று நாடகம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. இந்தச் செய்திக்கு ஒரே சாட்சி இயாகோ. அந்த இயாகோவே அதே மூச்சில் “நான் தெரிகிற மாதிரி ஆள் இல்லை” என்றும் சொல்லிவிடுகிறான். பக்கத்தில் இருக்கும் ரொடரிகோ இதைக் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறான். அந்த வார்த்தை தனக்கும் சேர்த்துத்தான் என்று அவனுக்குப் படவே இல்லை. டெஸ்டிமோனாவை எப்படியாவது வாங்கித் தருவான் என்று நம்பிப் பணப்பையை இயாகோவிடம் திறந்துவிட்டிருக்கும் பணக்கார இளைஞன் அவன்.

ஜன்னலுக்குக் கீழே நடப்பதை மெதுவாகப் பார்க்கவேண்டும். ரொடரிகோ தன் பெயரைச் சொல்கிறான். இயாகோ சொல்லவில்லை. “யாரடா நீ?” என்று கிழவர் கேட்கும்போதுகூடப் பெயருக்குப் பதிலாக இன்னொரு ஆபாசம்தான் வருகிறது. “நீ ஒரு அயோக்கியன்” என்கிறார் பிரபான்சியோ. “நீங்கள் ஒரு செனட்டர்” என்று இருட்டிலிருந்து பதில். “இதற்கு நீ பதில் சொல்லியாகவேண்டும். ரொடரிகோ, உன்னை எனக்குத் தெரியும்” என்று கிழவர் எச்சரிக்கிறார். பழி முழுக்கப் பெயர் சொன்னவன் தலையில். நம் ஊர் மொட்டைக் கடுதாசிக்கும் இதே இலக்கணம்தான். கையெழுத்து இருக்காது, விலாசம் இருக்காது. படித்தவர் மனத்தில் மட்டும் அது நிரந்தரமாகத் தங்கிவிடும்.

இயாகோ சொன்னதில் பொய்த் தகவல் என்று எதையாவது பிடிக்க முடியுமா? மகள் வீட்டில் இல்லை, உண்மை. மூரோடு போயிருக்கிறாள், அதுவும் உண்மை. ரொடரிகோ கொஞ்சம் நாகரிகமாக, கூலிக்குப் படகு ஓட்டும் ஒருவனை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு மகள் இரவில் போய்விட்டாள் என்று விவரிக்கிறான். அதையும் யாரும் மறுக்கப்போவதில்லை. இரண்டு பேரும் ஒரே ஒரு செய்தியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்: கல்யாணம். கிழவர் பந்தத்தோடு கீழே இறங்கி வந்து, “அவர்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?” என்று தானாகக் கேட்ட பிறகுதான், “ஆகிவிட்டது என்றே நினைக்கிறேன்” என்கிறான் ரொடரிகோ. அதற்குள் இயாகோ நழுவிவிட்டான். ‘உங்கள் மகள் தளபதியைக் கல்யாணம் செய்துகொண்டாள்’ என்று சொல்லியிருந்தால் அது ஒரு குடும்பச் செய்தி. அதே செய்தியிலிருந்து கல்யாணத்தை உருவிவிட்டு, இரண்டு மிருகங்களை உள்ளே வைத்துக் கொடுத்தான். இயாகோவின் வித்தை இதுதான். பின்னால் அவன் செய்யப்போவதெல்லாம் இதே வித்தையின் பெரிய வடிவங்கள்.

ஆனால் முழுப் பழியையும் அவன் மேல் போட எனக்கு மனம் வரவில்லை. முதலில் பிரபான்சியோ நம்பவில்லை. குடித்துவிட்டு வந்து கத்துகிறார்கள் என்றுதான் நினைக்கிறார். பிறகு திடீரென்று, “விளக்கைக் கொண்டு வா! இது நான் கண்ட கனவு மாதிரியே இருக்கிறது” என்கிறார். மகளின் அறைக்கு இன்னும் போகவில்லை. நம்பிக்கை வந்துவிட்டது. அந்தப் பயம் அவருக்குள் முன்பே குடியிருந்திருக்கிறது, இயாகோ வெறுமே கதவைத் தட்டினான். கீழே இறங்கி வருவதற்குள் அவர் தானாக ஒரு குற்றச்சாட்டையும் தயாரித்துவிடுகிறார்: என் பெண்ணுக்கு மருந்து வைத்துவிட்டான், மந்திரம் போட்டு மயக்கிவிட்டான். “ரொடரிகோ, இப்படியெல்லாம் நடப்பதாக நீ படித்ததில்லையா?” “ஆமாம் ஐயா, படித்திருக்கிறேன்.” ஆதாரம் முடிந்தது. இயாகோ மந்திரம் மருந்து என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளவேண்டும்.

இதே பிரபான்சியோதான் ஒத்தெல்லோவை அடிக்கடி வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் வாழ்க்கைக் கதையைக் கேட்டுக் கேட்டு ரசித்தவர். விருந்தாளியாக வரலாம். போர்க் கதை சொல்லலாம். மருமகனாக வந்தால் மட்டும் மந்திரவாதி. கொஞ்ச நேரம் முன்பு வரை வாசலில் சுற்றாதே என்று விரட்டிய ரொடரிகோவிடமே, “உனக்காவது கொடுத்திருக்கலாமே” என்று அங்கலாய்க்கிறார். தப்பெண்ணம் எப்போதும் வெறுப்பு முகத்தோடு வருவதில்லை. பல வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசிவிட்டு, நம் வீட்டுப் பெண் என்று வந்ததும் எழுந்து நிற்கும். நம் சாதிகளுக்கு நடுவே இதை நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அதனால்தான் பிரபான்சியோவை நாடகம் முழுக்க என்னால் அந்நியராக நினைக்கவே முடிந்ததில்லை.

சபை

மூன்றாவது காட்சி தொடங்கும்போது டியூக்கும் செனட்டர்களும் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து கடிதங்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். துருக்கிக் கப்பற்படை கிளம்பிவிட்டது. ஒரு கடிதம் 107 கப்பல்கள் என்கிறது, இன்னொன்று 140, மூன்றாவது 200. எண்ணிக்கை முன்பின்னாக இருந்தாலும் எல்லாக் கடிதமும் சைப்ரஸ் பக்கம் வருகிறது என்பதில் ஒத்துப்போகிறதே என்று யோசிக்கிறார்கள். அப்போது ஒரு மாலுமி ஓடிவந்து, இல்லை, படை ரோட்ஸ் தீவுக்குப் போகிறது என்கிறான். ஒரு செனட்டர் உடனே சொல்கிறார்: இருக்காது, நம் பார்வையைத் திருப்புவதற்கான நாடகம் இது. சைப்ரஸ்தான் துருக்கிக்கு முக்கியம், அதற்கு ரோட்ஸ் மாதிரி காவலும் கிடையாது. அடுத்த ஆள் வந்து அவர் சொன்னது சரிதான் என்று உறுதிப்படுத்துகிறான்.

இந்தப் பகுதியை மேடையில் பெரும்பாலும் சுருக்கிவிடுவார்கள், கப்பல் கணக்கு யாருக்கு வேண்டும் என்று. எனக்கோ முதல் அங்கத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. செய்தி வருகிறது, இன்னொரு செய்தியோடு வைத்துப் பார்க்கிறார்கள், யாருக்கு என்ன லாபம் என்று கேட்கிறார்கள், ஏமாற்று வேலையைக் கண்டுபிடிக்கிறார்கள். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நாம் வாயால் சொல்வதை இவர்கள் செய்துகாட்டுகிறார்கள். இதே நேரத்தில் இதே ஊரில் ஒரு செனட்டர் கனவையும் கூச்சலையும் நம்பிப் பந்தத்தோடு தெருவில் ஓடிவருகிறார்.

பிரபான்சியோ உள்ளே வருகிறார். “என் மகள்!” என்கிறார். “இறந்துவிட்டாளா?” என்று பதறுகிறார்கள். “ஆமாம், எனக்கு.” மருந்து, மந்திரம் என்று புகார். டியூக் உடனே, யார் இதைச் செய்திருந்தாலும், என் சொந்த மகனாக இருந்தாலும், சட்டப் புத்தகத்தின் கடுமையான வரியை நீங்களே படித்துத் தண்டனை கொடுக்கலாம் என்று வாக்குக் கொடுக்கிறார். கிழவர் ஒத்தெல்லோவைக் கைகாட்டுகிறார். சபை மொத்தமும், “இது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது” என்கிறது. படைக்குத் தளபதி வேண்டிய இரவு அது. அந்த வருத்தத்தில் எவ்வளவு நியாய உணர்வு, எவ்வளவு கப்பல் பயம் என்று பிரிக்க முடியாது. போர் இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் இந்த வழக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகர் யோசித்துக்கொள்ளலாம்.

இருந்தாலும் டியூக் மூன்று சரியான காரியங்களைச் செய்தார் என்பதை மறைக்கக்கூடாது. “உங்கள் தரப்பில் என்ன சொல்கிறீர்கள்?” என்று குற்றம் சாட்டப்பட்டவரிடம் கேட்டார். “அடித்துச் சொல்லிவிட்டால் ஆதாரம் ஆகிவிடாது” என்று செனட்டரிடமே முகத்துக்கு நேரே சொன்னார். “டெஸ்டிமோனாவைக் கூட்டி வாருங்கள்” என்றார். அவளைப் பற்றி அதுவரை எத்தனை ஆண்கள் பேசிவிட்டார்கள்! அவளிடம் கேட்கலாம் என்ற யோசனை ஒத்தெல்லோவிடமிருந்து வருகிறது. அவள் என்னைத் தவறாகச் சொன்னால் பதவியை மட்டுமல்ல, உயிரையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். சாட்சியை அழைத்துவர யாரை அனுப்புகிறார்? இயாகோவை. இடம் உனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று.

அவள் வரும்வரை ஒத்தெல்லோ தன் கதையைச் சொல்கிறார். எனக்கு அலங்காரமாகப் பேச வராது என்று தொடங்கி, நாடகத்திலேயே மிக அழகான பேச்சைப் பேசுகிறார். முற்றுகைகள், அடிமையாக விற்கப்பட்டது, குகைகள், பாலைவனங்கள். அதில் என் மனத்தில் நிற்பது ஒரு சின்ன விஷயம். அவர் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது டெஸ்டிமோனாவுக்கு வீட்டு வேலை வந்துவிடும். எழுந்து போவாள், அரக்கப்பரக்க முடித்துவிட்டு ஓடிவந்து விட்ட இடத்திலிருந்து கேட்பாள். அப்பா அதே வீட்டில்தான் இருந்தார். ‘தன் அசைவுக்கே வெட்கப்படும் பெண்’ என்று சபையில் அவர் வர்ணிக்கும் மகள் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்ததை அவர் பார்க்கவே இல்லை. “நான் கடந்து வந்த ஆபத்துகளுக்காக அவள் என்னை நேசித்தாள். அவள் இரக்கப்பட்டதற்காக நான் அவளை நேசித்தேன். நான் செய்த மந்திரம் இதுதான்” என்று முடிக்கிறார். “இந்தக் கதை என் மகளையும் மயக்கிவிடும் போலிருக்கிறதே” என்கிறார் டியூக்.

டெஸ்டிமோனா வருகிறாள். சுற்றி வளைக்காமல் பேசுகிறாள். உங்களுக்கு மகளாக நான் கடன்பட்டவள், ஆனால் அம்மா தன் அப்பாவைவிட உங்களைப் பெரிதாக நினைத்தது போல நானும் என் கணவரை நினைக்கிறேன். “ஒத்தெல்லோவின் முகத்தை நான் அவர் மனத்தில் பார்த்தேன்.” வழக்கு அத்தோடு தள்ளுபடி.

அவள் அப்பாவிடம் மறைத்தாள் என்பது உண்மைதான். கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா என்பதற்கு அன்றிரவு பிரபான்சியோ பேசிய ஒவ்வொரு வார்த்தையும் பதில். மறைத்தது குற்றமாகவும் மறைக்கவைத்தது கௌரவமாகவும் எழுதப்பட்டுவிடுவது எந்த ஊர் வழக்கம் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

போகும்போது சொன்னது

டியூக் சமாதானம் சொல்ல நினைத்து, “உங்கள் மருமகன் கருப்பு என்பதைவிடச் சிவப்பு என்றே சொல்லவேண்டும், அவ்வளவு நல்ல குணம்” என்கிற பொருளில் ஒன்று சொல்கிறார். பாராட்டுதான். ஆனால் குணமாக இருப்பதற்கு வெள்ளையாக ஆகவேண்டியிருக்கிறது. கிழவரின் தப்பெண்ணத்தைச் சபை தள்ளுபடி செய்யவில்லை, அன்றைய வழக்கை மட்டும்தான் தள்ளுபடி செய்தது.

பிரபான்சியோ வெளியே போகும்போது திரும்பி நின்று சொல்கிறார்: “அவளைப் பார்த்துக்கொள் மூரே, கண் இருந்தால். அப்பாவை ஏமாற்றியவள், உன்னையும் ஏமாற்றலாம்.” ஒத்தெல்லோ தயங்கவே இல்லை. “அவள் நேர்மைக்கு என் உயிரே பணயம்.” அன்றிரவே சைப்ரஸுக்குக் கிளம்பவேண்டியவர், சொன்ன கையோடு, பக்கத்தில் நிற்பவனைப் பார்த்து, “நேர்மையான இயாகோ, என் டெஸ்டிமோனாவை உன்னிடம் விட்டுப் போகிறேன்” என்கிறார்.

சபை கலைந்த பிறகு இயாகோ தனியாக நிற்கிறான். என் மனைவியோடு அந்த மூருக்குத் தொடர்பு என்று ஊரில் ஒரு பேச்சு, உண்மையா என்று தெரியாது, ஆனால் வெறும் சந்தேகமே எனக்குப் போதும், உறுதி என்று வைத்துக்கொண்டே நடப்பேன் என்கிறான். டியூக் ஆதாரம் கேட்ட அதே இடத்தில், அதே காட்சியில். அன்றிரவு அவன் தோற்றுப்போனது உண்மை. எதனால் தோற்றான் என்பதை நின்று பார்த்துக் கற்றுக்கொண்டான் என்பதும் உண்மை. கூட்டத்தில், விளக்கு வெளிச்சத்தில், அவளையும் கூப்பிட்டுக் கேட்டால் புரளி நிற்காது. அடுத்த முறை தனியாகப் பேசவேண்டும்.

அடுத்த முறை சைப்ரஸில், மூன்றாவது அங்கத்தில் வருகிறது. இரண்டே பேர். இயாகோ கிழவரின் வாக்கியத்தைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்து நீட்டுகிறான்: உங்களைக் கல்யாணம் செய்தபோது அவள் அப்பாவை ஏமாற்றினாள்.

“ஆமாம், ஏமாற்றினாள்தான்” என்கிறார் ஒத்தெல்லோ. டெஸ்டிமோனா சற்று முன்புதான் அங்கிருந்து போயிருந்தாள். கூப்பிட்டால் வந்திருப்பாள்.